நியூட்ரினோவையும் கரும்பொருளையும் ஒரே நூலில் கோக்க வரும் பிள்ளைகளுக்கு

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஞாயிறு காலையில் வந்து உட்காரும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருவர் பட்டாபிராமிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறார், ஒருவர் மிட்டனமல்லியிலிருந்து அப்பாவின் பைக்கில் வந்து இறங்குகிறார். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அந்த இரண்டு மணி நேரத்தை எதிர்பார்த்தே வாரம் நகர்கிறது. போன வாரம் உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "சார், நியூட்ரினோவுக்கு நிறை எங்கேருந்து வந்ததுன்னு தெரியல. கரும்பொருள் என்னன்னும் தெரியல. ரெண்டுக்கும் ஒரே பதில் சொல்ற மாடல் இருக்காமே? ஒரே கல்லுல ரெண்டு மாங்கா மாதிரி?"

இருக்கிறதம்மா, நிறையவே இருக்கிறது. அதில் இறங்குமுன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவற்றை எழுதித் தருகிறேன். எண் போட்டிருப்பது நீங்கள் தேடி எடுப்பதற்காக.

1. முதலில் "நியூட்ரினோவே கரும்பொருளாக இருந்தால் என்ன?" என்ற கேள்விக்கு நீங்களே நோட்டில் கணக்குப் போட்டுப் பதில் காணுங்கள். யாரோ சொன்னார்கள் என்று அதைத் தள்ளாதீர்கள். பெருவெடிப்பில் மிஞ்சிய நியூட்ரினோக்கள் இன்றும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 336 இருக்கின்றன. மூன்று வகைகளின் நிறையையும் எலக்ட்ரான்வோல்ட்டில் கூட்டி 93-ஆல் வகுத்தால் பிரபஞ்சத்தில் அவற்றின் அடர்த்தி ஓர் அண்டவியல் அளவுகோலில் வரும். அதே அளவுகோலில் கரும்பொருளின் அடர்த்தி 0.12 என்று பிளாங்க் செயற்கைக்கோள் அளந்திருக்கிறது. 93-ஐ 0.12-ஆல் பெருக்குங்கள். பதினொன்று சொச்சம் வரும். அதாவது மூன்று நியூட்ரினோக்களும் சேர்ந்து பதினோரு எலக்ட்ரான்வோல்ட் இருந்தால்தான் கரும்பொருள் முழுவதும் அவையே என்று சொல்ல முடியும்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள கேட்ரின் சோதனை, நியூட்ரினோவின் நிறை 0.45 எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டாது என்று 2024-ல் சொன்னது. அந்த உச்ச அளவில் மூன்றின் நிறையும் மிக நெருக்கமாக இருக்கும் என்பதால் மூன்றால் பெருக்கினாலும் 1.35-தான். பதினொன்று எங்கே, ஒன்றரைக்கும் குறைவான இது எங்கே? பிளாங்க் தரவு இன்னும் கறாராக, கூட்டுத்தொகை 0.12 எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் என்கிறது. அப்படியானால் கரும்பொருளில் நூற்றுக்கு ஒரு பங்குதான் நியூட்ரினோவுக்குத் தேறும்.

இந்த வகைக் கணக்கை முதலில் போட்டவர்களில் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். ராமநாத் கௌசிக்கும் மெக்லெலண்டும் 1972-ல் பிரபஞ்சத்தின் எடையை வைத்து நியூட்ரினோவின் நிறைக்கு மேல்வரம்பு சொன்னார்கள். அடுத்த ஆண்டே, கோமா விண்மீன்திரள் கூட்டத்தைச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பது நியூட்ரினோக்களின் ஈர்ப்பாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பார்க்க முடியாத, மற்றவற்றோடு அதிகம் ஒட்டாத ஒரு துகள் பிரபஞ்சத்தின் ஈர்ப்பைச் சுமக்கலாம் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் துணிச்சலானது. ஆள் வேறு என்று பிறகு தெரிந்தது. எண்ணம் இன்றைக்கும் நிற்கிறது.

2. "இடக்கை நியூட்ரினோ" என்ற சொல்லை மனப்பாடமாகச் சொல்லாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து சொல்லுங்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஈ.சி.ஜி. சுதர்சன், மார்ஷாக்குடன் சேர்ந்து 1957-ல் வலுக்குறைந்த விசையின் வடிவத்தைச் சொன்னார். அந்த விசை இடக்கைத் துகள்களை மட்டுமே தொடும். வலக்கை நியூட்ரினோவை யாரும் பார்த்ததில்லை, அதனால் துகள் இயற்பியலின் நிலைமாதிரியில் (ஸ்டாண்டர்ட் மாடல்) அதற்கு இடம் வைக்கவில்லை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் வழக்கமான வழியில் நிறை வரும் என்பதால் நியூட்ரினோவின் நிறை பூச்சியம் என்று இருந்தது. ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டே 1998-லும் கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002-லும் நியூட்ரினோக்கள் வகை மாறுவதைக் காட்டின. நிறை இல்லாமல் அப்படி மாற முடியாது. கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் 2015-ல் நோபல் பரிசு வந்தது இதற்காகத்தான். ஆக, நிலைமாதிரியில் இல்லாத யாரோ ஒருவர் உள்ளே வந்தாக வேண்டும். கரும்பொருளும் நிலைமாதிரியில் இல்லாத யாரோ ஒருவர்தான். இருவரும் ஒருவரே, அல்லது ஒரே வீட்டார் என்று சந்தேகம் எழுவது இயல்பு.

3. சீசா முறையைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பூங்காவில் ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறுவதுபோல, வலக்கை நியூட்ரினோ எவ்வளவு கனமோ அவ்வளவு லேசாகும் நம் நியூட்ரினோ. 1977-ல் மின்கோவ்ஸ்கி தொடங்கி வைத்தார். ஹிக்ஸ் புலத்தின் அளவான 174 ஜிஇவியை (ஒரு ஜிஇவி நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட்) வர்க்கம் எடுத்து, நியூட்ரினோவுக்கு வேண்டிய நிறையான 0.05 எலக்ட்ரான்வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். பிணைப்பு எண் ஒன்று என்று வைத்தால், கனமான முனையில் 600 லட்சம் கோடி ஜிஇவி உட்கார வேண்டியிருக்கும். ஜெனீவாவின் பெரிய துகள் மோதுகளம் (எல்எச்சி) எட்டுவது 13,600 ஜிஇவி. சீசா அழகானது, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நம் ஆயுளில் அதை நேரே தொட்டுப் பார்க்க வழியில்லை. கைக்கெட்டும் உயரத்தில் ஒரு வழி வேண்டும் என்ற தவிப்புதான் பலரை அடுத்துச் சொல்லும் மாடலுக்குக் கொண்டுவந்தது.

4. இந்தப் பட்டியலில் முக்கியமானது இதுதான், நிதானமாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் நாட்களில் பிள்ளைகளெல்லாம் ஒத்தையா ரெட்டையா ஆடுவோம். கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு எதிரில் இருப்பவரைக் கேட்க வேண்டும். எர்னஸ்ட் மா 2006-ல் எழுதிய மாடலின் உயிர் இந்த ஒற்றைப்படை, இரட்டைப்படைதான்.

நமக்குத் தெரிந்த எல்லாத் துகள்களுக்கும் இரட்டைப்படை முத்திரை குத்துங்கள். புதிதாக இரண்டு வகையைச் சேருங்கள். ஒன்று, மூன்று கனமான வலக்கை நியூட்ரினோக்கள். இன்னொன்று, இரண்டாவது ஒரு ஹிக்ஸ். (அந்த இரண்டாம் ஹிக்ஸை 1978-லேயே நிலேந்திர தேஷ்பாண்டேயும் எர்னஸ்ட் மாவும் யோசித்து வைத்திருந்தார்கள்.) புதியவை எல்லாம் ஒற்றைப்படை. எந்த வினையிலும் முன்னும் பின்னும் ஒற்றை இரட்டைக் கணக்கு மாறக்கூடாது. அவ்வளவுதான் விதி.

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஒற்றைப்படைத் துகள்களில் மிக லேசானது சிதைய வேண்டுமென்றால், பின்னால் ஒரு ஒற்றைப்படையை விட்டுச்செல்ல வேண்டும். அதைவிட லேசான ஒற்றைப்படை கிடையாதே! அதனால் அது சிதையாமல் 1,380 கோடி ஆண்டுகள் கிடக்கிறது. அதுதான் கரும்பொருள். அதே விதி நியூட்ரினோவுக்கும் வழி மறிக்கிறது. வலக்கை நியூட்ரினோ ஒற்றைப்படை என்பதால் சீசாவில் ஏறி உட்கார முடியாது. நம் நியூட்ரினோ கொஞ்ச நேரத்துக்கு இரண்டு ஒற்றைப்படைகளாகப் பிரிந்து, வளையமாக ஓடி, மறுபடி சேர வேண்டும். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை, கணக்கு சரி. இந்தச் சுற்றுவழியில் வருவதால் நிறை சிறிதாகிறது. இதற்கு ஸ்கோட்டோஜெனிக் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கிரேக்கத்தில் ஸ்கோட்டோஸ் என்றால் இருள்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், விதியை உருவிவிட்டால் கரும்பொருளும் சிதைகிறது, நியூட்ரினோவும் கனத்துவிடுகிறது. இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. எந்த மாடலைக் கையில் எடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஆணியைப் பிடுங்கினால் இரண்டும் விழுகிறதா? ஒன்று மட்டும் விழுந்து மற்றது அப்படியே நின்றால், அங்கே உண்மையான தொடர்பு இல்லை. இரண்டு கதைகளை ஒரே கட்டுரையில் குடிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கட்டுரைகள் ஏராளம். இன்றைக்கு நீங்கள் படிக்கப்போவதில் பாதியாவது அப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

5. வளையக் கணக்கைக் கையால் போடுங்கள். நான் அந்த வாய்பாட்டைப் பல வருடம் வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு கோடை விடுமுறையில்தான் எண் போட்டுப் பார்த்தேன். பிணைப்பு எண் 0.01, கனமான துகள் 1,000 ஜிஇவி. வர்க்கம் எடுத்து, பெருக்கி, வளையத்துக்கு உரிய பதினாறு பை வர்க்கத்தால், அதாவது ஏறத்தாழ 158-ஆல் வகுத்தேன். விடை ஆறு லட்சம் எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரானே ஐந்து லட்சத்துப் பதினோராயிரம்தான்! நியூட்ரினோ எலக்ட்ரானைவிடக் கனமாகி நிற்கிறது. வேண்டியது 0.05. ஒரு கோடி மடங்குக்கு மேல் பிழை.

மூன்று நாள் அந்த நோட்டோடு இருந்தேன். நான்காம் நாள் கண்ணில் பட்டது. வளையத்தில் ஓடும் ஒற்றைப்படை ஹிக்ஸுக்குள் இரண்டு துகள்கள் உண்டு, ஒன்று மெய்ப்பகுதி, மற்றது கற்பனைப்பகுதி. ஒன்றின் பங்கிலிருந்து மற்றதன் பங்கைக் கழிக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தேன். இரண்டின் நிறையும் கிட்டத்தட்ட சமம், அதனால் இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிஞ்சும் துளிதான் நியூட்ரினோவின் நிறை. அந்தத் துளியின் அளவை முடிவு செய்வது லாம்டா ஐந்து என்ற ஓர் எண். மேலே சொன்ன நிலையில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும்.

அவ்வளவு சிறிய எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று யாரும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். லாம்டா ஐந்தைப் பூச்சியமாக்கினால் இரண்டு நிறையும் ஒன்றாகிக் கழித்தல் முழுதாக நடக்கிறது, லெப்டான் எண் காக்கப்படுகிறது. பூச்சியத்தில் ஒரு புதிய சமச்சீர்மை பிறப்பதால், பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. கழித்தல் குறியைத் தேடி அலைந்த அந்த மூன்று நாள் இல்லாவிட்டால் இது எனக்கு ஒரு வரித் தகவலாகவே இருந்திருக்கும்.

6. வரவு செலவு எழுதி வையுங்கள். புதிதாக எத்தனை துகள், எத்தனை எண் சேர்த்தீர்கள் என்பது இடப்பக்கம். அவற்றால் எதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது என்பது வலப்பக்கம். மேலே சொன்ன மாடலில் கரும்பொருள் அந்த வலக்கை நியூட்ரினோவாகவே இருந்தால், இன்றிருக்கும் அளவுக்கு அது மிஞ்ச, பிணைப்பு எண் கணிசமாக இருந்தாக வேண்டும். ஆனால் அதே பிணைப்பு மியூவானை எலக்ட்ரானாகவும் ஒளியாகவும் சிதைக்கும். சுவிட்சர்லாந்தில் நடந்த மெக் சோதனை 2016-ல் சொன்ன வரம்பு, பத்து லட்சம் கோடி மியூவான்களில் நான்கைந்துக்கு மேல் அப்படிச் சிதையக்கூடாது என்பது. ஒரு கை தள்ளுகிறது, மறு கை இழுக்கிறது. இந்த இழுபறியைச் சலிப்பாக நினைக்காதீர்கள். மாடல் பொய்யானால் எங்கே பொய்யாகும் என்று காட்டும் இடம் இதுதான், எனக்கு மிகவும் மதிப்புள்ள இடமும் இதுதான்.

7. பழைய தரவுகளை மதியுங்கள். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை 1965-ல் பதிவு செய்தார்கள். டாடா ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானின் ஒசாகாவும், இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து செய்த சோதனை. உலகிலேயே முதல் பதிவுகளில் ஒன்று. அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களில் பெரும்பங்கு வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன நம் தமிழ்த் தொழிலாளர்கள். உடம்பு வேகும் வெப்பத்தில் அவர்கள் வெட்டிய குழிதான் அந்த அறிவியலுக்கு வீடு கொடுத்தது. அந்தச் சரித்திரத்தில் அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே சுரங்கத்தில் வேறொன்றும் நடந்தது. பாறைக்கும் கருவிக்கும் நடுவே, வெறும் காற்றில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு மூன்று தடங்கள் கிளம்பியதாகச் சில பதிவுகள் கிடைத்தன. 1975-ல் அவற்றை வெளியிட்டார்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம். "கோலார் நிகழ்வுகள்" என்ற பெயர் மட்டும் நின்றது, விளக்கம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து, தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2014-ல் பிரமாணா இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். சில ஜிஇவி நிறையுள்ள கரும்பொருள் துகள் மெல்லச் சிதைந்ததால் அந்தத் தடங்கள் வந்திருக்கலாமா என்று கேட்டார்கள். நியூட்ரினோவுக்காக வைத்த கருவியில் கரும்பொருள் எட்டிப்பார்த்திருக்கலாம் என்பது எவ்வளவு பெரிய கேள்வி!

அது சரியென்று நான் சொல்லவில்லை. கையளவு நிகழ்வுகளை வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கட்டுரையை அங்கே நிறுத்தாமல், இன்னும் பெரிய கருவி வைத்தால் இது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும் என்றும் எழுதினார்கள். உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியும் அப்படி இருக்கட்டும்.

8. செய்தி வந்ததும் ஓடாதீர்கள். 2014-ல் 73 விண்மீன்திரள் கூட்டங்களின் எக்ஸ்-கதிர்களை அடுக்கிப் பார்த்தவர்கள் 3.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு மெல்லிய கோடு கண்டார்கள். ஏழு கிலோ எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள, வலுக்குறைந்த விசையும் தொடாத மலட்டு நியூட்ரினோ பாதிப் பாதியாகச் சிதைந்தால் அப்படி வரும். கரும்பொருள் கிடைத்துவிட்டது என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். பின்னால் வெற்று வானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு கிடைக்கவில்லை. பொறுத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை.

9. தமிழில் சொல்லப் பழகுங்கள். இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மூர்த்தியும் ராஜசேகரனும் சொன்ன அந்தப் பெரிய கருவி தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் வருவதாக இருந்தது. 50,000 டன் காந்த இரும்பு, 150 அடுக்கு. மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது, செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். நீதிமன்ற வழக்குகள் வந்தன, மலையைக் குடைந்தால் என்ன ஆகுமோ என்ற ஊர்மக்களின் பயம் வந்தது, புலிகளின் வழித்தடம் பற்றிய கேள்வி வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்றது. மதுரையில் 85 டன்னில் ஒரு சிறு மாதிரிக் கருவி ஓடியதோடு நிற்கிறது. மூன்று நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் காண்பது பொட்டிப்புரத்தின் முதல் நோக்கம். அதே கேள்விக்காக சீனாவின் ஜூனோ 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது.

ஊர்மக்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காடும் தண்ணீரும் அவர்களுடையவை. நியூட்ரினோ என்ற சொல்லை அவர்கள் முதன்முதலில் கேட்டபோதே அது பயத்தோடு சேர்ந்து வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் மொழியில் நாம் பேசியிருக்க வேண்டும். இயற்பியல் படித்த எங்கள் தலைமுறை அதைப் போதுமான அளவு செய்யவில்லை. உங்கள் பாட்டிக்குப் புளியங்கொட்டையை வைத்து இந்த மாடலைச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் "ஏன்?" என்று கேட்கிறாரோ, அங்கே நீங்களும் சரியாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டீர்கள்.

10. தரமணிக்குப் போய் வாருங்கள். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில். கணித அறிவியல் நிறுவனம் அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-ல் தொடங்கியது. அங்கே நடக்கும் கருத்தரங்குகளில் பின்வரிசையில் உட்காருங்கள். முதல் பத்துக் கருத்தரங்கில் ஒன்றும் புரியாது, பதினோராவதில் ஒரு படம் புரியும். கரும்பொருள் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடும் மைக்ரோஒமேகாஸ் போன்ற நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நம்பும் முன் ஒரு எளிய நிலைக்காவது கையால் போட்டு ஒப்பிடுங்கள்.

வீட்டில் டேங்க் ஃபேக்டரி அப்ரெண்டிஸ் போகச் சொல்கிறார்கள் என்று ஒருவர் போன மாதம் சொன்னார். தம்பி, அப்பாவோடு சண்டை போடாதீர்கள். அவர் கேட்பது பாதுகாப்பு. இப்படிப்பட்ட நிறுவனங்களில் சேர ஜெஸ்ட் தேர்வு எழுதித் தேறினால் ஆராய்ச்சி மாணவருக்கு மாத உதவித்தொகை உண்டு என்பதை அவருக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். வேண்டுமானால் நான் வீட்டுக்கு வந்து பேசுகிறேன்.

11. கரும்பொருளைப் பிடிக்க வைத்த கருவிகளிலேயே இப்போது சூரிய நியூட்ரினோக்கள் மெல்லத் தெரியத் தொடங்கியிருக்கின்றன. இத்தாலியின் செனான் சோதனையும் சீனாவின் பாண்டாஎக்ஸும் 2024-ல் அதற்கான முதல் அறிகுறிகளைச் சொன்னன. இனி கரும்பொருளைத் தேடுபவர் நியூட்ரினோவை அறியாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அடுத்த ஞாயிறு வரும்போது முதல் கணக்கையும் ஐந்தாவது கணக்கையும் போட்டு எடுத்து வாருங்கள், அடித்தல் திருத்தலோடு இருந்தால் பரவாயில்லை. மியூவான் அப்படிச் சிதைந்ததைப் பார்த்துவிட்டோம் என்றோ, ஜூனோ வரிசையைச் சொல்லிவிட்டது என்றோ செய்தி வந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் போன் பண்ணி எழுப்புங்கள்.